நிலம் கைமாறியது, பிடி மாறவில்லை: கியூபாவின் 1993 பண்ணைச் சீர்திருத்தம் – ஒரு நிகழ்வு ஆய்வு

சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு சோசலிசம் என்னவாகும் என்ற கேள்விக்கு மாநாடுகளிலும் பல்கலைக்கழக அரங்குகளிலும் பதில் தேடியவர்கள் ஏராளம். கியூபா அதே கேள்வியை வயலில் இறங்கிச் சந்தித்தது. 1993 செப்டம்பர் 20 அன்று 142ஆம் எண் ஆணைச்சட்டம் வந்தது. அடுத்த சில மாதங்களுக்குள் அந்நாட்டு அரசுப் பண்ணைகளின் பெரும்பகுதி தொழிலாளர் கூட்டுறவுகளாக உடைக்கப்பட்டது. நிலத்தைத் தனியாருக்கு விற்காமலும், பழைய பண்ணை நிர்வாகத்தைத் தொடராமலும் வேறொரு வழி காண முடியுமா என்ற சோதனை அது. சோதனை தோற்றது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எளிது. எந்தப் புள்ளியில் தோற்றது, எங்கே தோற்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் சோசலிசத்தில் இன்னும் நம்பிக்கை வைத்திருப்பவர்களுக்குப் பயன் உண்டு.

சரிவின் அளவு

கியூபா 1972இல் சோவியத் தலைமையிலான சோசலிச நாடுகளின் கொமெக்கான் வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1980களின் இறுதியில் அதன் வெளிநாட்டு வணிகத்தில் சுமார் 85 சதவீதம் அந்த வட்டத்துக்குள்ளேயே நடந்தது. சர்க்கரைக்கு மாஸ்கோ கொடுத்த விலை உலகச் சந்தை விலையைவிடப் பல மடங்கு அதிகம். பதிலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டன் எண்ணெய் வந்தது. உரம், பூச்சிக்கொல்லி, டிராக்டர், உதிரிபாகம், கோழித்தீவனம், கோதுமை எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. 1989இல் சுமார் 810 கோடி டாலராக இருந்த இறக்குமதி 1993இல் 200 கோடி டாலராகச் சுருங்கியது. நான்கே ஆண்டுகளில் உள்நாட்டு உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 1992இல் டாரிசெல்லி சட்டத்தின் வழியாக அமெரிக்கா பொருளாதாரத் தடையை மேலும் இறுக்கியது.

இது சமையலறையில் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு விவரம் போதும். 1992–93இல் சுமார் 50,000 பேருக்குப் பார்வை நரம்பும் புற நரம்புகளும் பாதிக்கப்பட்டன. பி வகை வைட்டமின்கள் போதாமை அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. அரசு நாடு முழுக்க வைட்டமின் மாத்திரை வழங்கியது. 1992இல் இந்தியாவில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று நடத்திய வசூலில் 10,000 டன் கோதுமை திரண்டு, கப்பலில் கியூபாவுக்குப் போனது. நம் பக்கத்து இடதுசாரித் தோழர்கள் பலருக்கு அந்த உண்டியல் இன்னும் நினைவிருக்கும்.

இவ்வளவு நெருக்கடியிலும் கியூபா விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. 1962 முதல் நடைமுறையில் இருக்கும் ரேஷன் புத்தகத்தை அது கைவிடவில்லை, மருத்துவமனைகளை மூடவில்லை. 1990இல் ஆயிரம் பிறப்புக்கு 10.7 ஆக இருந்த சிசு மரணம் 1999இல் 6.4 ஆகக் குறைந்தது. பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு கரைந்த நாட்டில் கிடைத்த எண் இது. பகிர்வு என்ற வகையில் சோசலிசம் அங்கே உண்மையாகவே நின்றது. நிற்காமல் போனது உற்பத்தி. பகிர்வைக் காப்பாற்றும் செலவை உற்பத்தியாளர் தலையில் எந்த வடிவத்தில் சுமத்தினார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

142ஆம் ஆணைச்சட்டம் சொன்னது என்ன

சீர்திருத்தத்துக்கு முன் விளைநிலத்தில் சுமார் 75 சதவீதம் அரசுப் பண்ணைகளிடம் இருந்தது. அவை பிரம்மாண்டமானவை. கரும்பு அல்லாத பண்ணைகளிலேயே ஒன்றுக்குச் சராசரியாகப் பல ஆயிரம் ஹெக்டேர். உழவுக்கு ஒரு பிரிவு, உரமிட ஒரு பிரிவு, அறுவடைக்கு ஒரு பிரிவு என்று வேலை நடந்தது. உழுதவருக்கு உழுத பரப்புக்குக் கூலி. விளைந்ததா இல்லையா என்பது அவர் கணக்கில் வராது. டீசலும் உரமும் தடையில்லாமல் வந்தவரை இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை.

புதிய அமைப்புக்குக் கூட்டுறவு உற்பத்தியின் அடிப்படை அலகு என்று பெயர். ஸ்பானியச் சுருக்கத்தைத் தமிழில் யு.பி.பி.சி. என்று எழுதலாம். சட்டம் நான்கு கொள்கைகளை வைத்தது. ஒன்று, குறிப்பிட்ட நிலத்துக்குக் குறிப்பிட்ட தொழிலாளர் பொறுப்பு. இரண்டு, உறுப்பினர் குடும்பங்களின் உணவைக் கூட்டுறவே விளைவித்துக்கொள்ளும், வீட்டு வசதியையும் மேம்படுத்திக்கொள்ளும். மூன்று, வருமானம் விளைச்சலோடு கண்டிப்பாகப் பிணைந்திருக்கும். நான்கு, நிர்வாகத்தில் தன்னாட்சி.

நிலம் அரசுடைமையாகவே இருக்கும். பயன்பாட்டு உரிமை காலவரையறையின்றி, குத்தகைப் பணமின்றிக் கூட்டுறவுக்கு. விளையும் பொருள் கூட்டுறவுக்குச் சொந்தம். டிராக்டர், மாடு, நீர்ப்பாசனக் கருவி, நிலத்தில் அப்போது நின்ற பயிர் அனைத்தையும் பண்ணையிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், விலை வங்கிக் கடனாக ஏறும். நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். வங்கியில் தனிக் கணக்கு இருக்கும். காகிதத்தில் படித்தால் கூட்டுறவு இயக்கத்தில் ஊறியவர்கள்கூடப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

வேகமும் அசாதாரணமானது. ஓராண்டுக்குள் 2,500க்கு மேற்பட்ட யு.பி.பி.சி.கள் உருவாகிவிட்டன, அவற்றில் பாதிக்கு மேல் கரும்புக்கு. 1990களின் நடுவில் விளைநிலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அவற்றிடம் இருந்தது. நேரடி அரசுப் பண்ணையின் பங்கு மூன்றில் ஒன்றாகிவிட்டது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே தொழிலாளர் கற்றுக்கொள்ளவோ விவாதிக்கவோ நேரமில்லை. நேற்றுவரை பண்ணையின் பிரிவு மேலாளராக இருந்தவரே இன்று பல இடங்களில் கூட்டுறவுத் தலைவர்.

எங்கே முறிந்தது

ஒரு கரும்பு யு.பி.பி.சி.யை எடுத்துக்கொள்வோம். சராசரியாக ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நிலம், நூறு பேர் அளவு உறுப்பினர். என்ன நடவேண்டும் என்று அவர்கள் கூடிப் பேசலாம், ஆனால் கரும்பைத் தவிர வேறு பதில் கிடையாது, திட்டம் மேலிருந்து வரும். உரம், டீசல், களைக்கொல்லி மூன்றையும் கடையில் வாங்க முடியாது, அப்படி ஒரு கடையே இல்லை. மேலே இருக்கும் அரசு நிறுவனம் பயிர்த் திட்டத்தின்படி ஒதுக்கும். ஒதுக்கீடு வரும், பருவத்தில் வராது. கரும்பு நட்ட முதல் மூன்று நான்கு மாதம் களையை அடக்கியே ஆக வேண்டும்; அந்த நேரத்தில் களைக்கொல்லியும் இல்லை, கொத்த ஆளும் இல்லை என்றால் இலை மூடுவதற்குள் களை மூடிவிடும். அந்த நட்டம், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புப் பயிரிலும் தொடரும்.

விளைந்ததை வாங்க ஒரே ஆலை. விலையை நிர்ணயிப்பது அரசு. அந்த விலை இடுபொருள் செலவுக்கு ஈடாக உயரவில்லை. ஆக, விலைக்கும் இடுபொருளுக்கும் விற்பனைக்கும் பயிருக்கும் பொறுப்பு மேலே. நட்டத்துக்குப் பொறுப்பு மட்டும் கீழே. இதைத் தன்னாட்சி என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கூலி முறை. கூட்டுறவில் மாதச் சம்பளம் கிடையாது. ஆண்டு முடிவில் வரும் லாபத்தை எதிர்பார்த்து மாதாமாதம் முன்பணம் தரப்படும். கரும்புக்கு வரவு அரவைப் பருவத்தில் மட்டும், செலவோ பன்னிரண்டு மாதமும். முன்பணத்துக்கு வங்கிதான் கதி. ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் லாபம் இல்லை, ஆனால் முன்பணம் எப்போதோ சாப்பாடாகிவிட்டது. நட்டம் பழைய உபகரணக் கடனின் மேல் ஏறும். சில ஆண்டுகள் அரசு மானியம் கொடுத்து ஓட்டையை அடைக்கும். அடைத்துவிட்டதால் அடுத்த ஆண்டு யாரும் விரல் விட்டு எண்ணிச் செலவழிக்கத் தேவையில்லை. நன்றாக விளைவித்த குழுவும் விளைவிக்காத குழுவும் கடைசியில் ஏறத்தாழ ஒரே தொகையை வீட்டுக்குக் கொண்டுபோகும். வருமானம் விளைச்சலோடு பிணைந்திருக்கும் என்ற மூன்றாவது கொள்கை இந்த இடத்திலேயே செத்தது.

நாணயக் குழப்பம் இதைவிடக் கடுமையானது. 1993 ஆகஸ்டில் 140ஆம் ஆணைச்சட்டத்தால் மக்கள் டாலர் வைத்திருப்பது சட்டபூர்வமானது. 1994இல் டாலருக்கு இணையாக மாற்றத்தக்க பெசோ ஒன்று அச்சடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நிறுவனக் கணக்குகளில் சாதாரண பெசோவும் ஒன்றுக்கு ஒரு டாலர். தெருவோர மாற்று நிலையத்தில் நீண்ட காலம் ஒரு டாலருக்கு சுமார் 24 பெசோ. ஒரு டிராக்டர் டயரின் உண்மையான விலை என்ன, உள்நாட்டு அரிசி இறக்குமதி அரிசியைவிட மலிவா என்ற எளிய கேள்விக்குக்கூட விடை கிடைக்காது. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இறக்குமதி எப்போதும் மலிவாகவே தெரியும், உள்ளூர் விவசாயி எப்போதும் தோற்பார். திட்டமிடல் என்பதே எண்களை நம்பி நடப்பது. எண்ணே பொய் சொன்னால் எவ்வளவு நேர்மையான திட்ட அதிகாரியும் தவறான முடிவைத்தான் எடுப்பார்.

1994 ஆகஸ்டில் ஹவானா கடற்கரைச் சாலையில் மக்கள் கொந்தளித்தார்கள். அந்தக் கோடையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் தெப்பங்களில் கடலில் இறங்கினார்கள். அக்டோபரில் விவசாயிகள் சந்தை திறக்கப்பட்டது. அரசுக்கு ஒப்புக்கொண்ட அளவைக் கொடுத்த பிறகு மிஞ்சியதை எந்த விலைக்கும் விற்கலாம். பால், மாட்டிறைச்சி போன்றவை மட்டும் கூடாது. மரக்கறி, கிழங்கு, பன்றி வைத்திருந்தவர்களுக்கு இது உயிர் கொடுத்தது. கரும்பு யு.பி.பி.சி.க்குச் சந்தைக்குக் கொண்டுபோக என்ன இருந்தது?

காய்கறி யு.பி.பி.சி.களை வேறொரு இடி தாக்கியது. அகோப்பியோ எனப்படும் அரசுக் கொள்முதல் அமைப்பு லாரி அனுப்பும், பெட்டி தரும், பணம் கொடுக்கும் என்பது ஏற்பாடு. தக்காளி பழுத்த வாரத்தில் லாரிக்கு டீசல் இல்லை அல்லது பெட்டி இல்லை. வயலிலேயே அழுகும். ஏற்றிப்போன சரக்குக்கும் பணம் மாதக்கணக்கில் பாக்கி. விதை வாங்கும் நேரத்தில் கையில் காசில்லாத விவசாயி அடுத்த பருவத்தில் பரப்பைக் குறைக்கிறார். கியூபாவின் உணவுத் தட்டுப்பாட்டில் இந்தக் கட்டணப் பாக்கிக்கு உள்ள பங்கு பெரிதாகப் பேசப்படுவதில்லை. விலையைக் கூட்டுவதைவிடச் சொன்ன நாளில் பணம் கொடுத்திருந்தாலே பாதி சீராகியிருக்கும் என்பது எங்கள் கருத்து.

விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. 1990இல் 80 லட்சம் டன்னைத் தாண்டியிருந்த சர்க்கரை, 1993இல் 42 லட்சம் டன் அளவுக்கு வந்திருந்தது. சீர்திருத்தத்துக்குப் பிறகும் சரிந்தது, 1995இல் 33 லட்சம் டன். 2002இல் 156 ஆலைகளில் ஏறத்தாழ பாதியை அரசே மூடியது. கைவிடப்பட்ட நிலத்தில் மராபு என்ற முள் புதர் படர்ந்தது. நம் ஊர்க் கரிசல் ஓரங்களில் நிற்கும் விடத்தலைதான் அது, அதே இனம். வேர்த்துண்டு ஒன்று மண்ணில் கிடந்தாலும் துளிர்க்கும், மாடு காயைத் தின்று விதையைப் பரப்பும், டிராக்டர் டயரை முள் கிழிக்கும். 2007 ஜூலை 26 அன்று கமகுவே நகரில் பேசிய, அப்போது தற்காலிக அதிபராக இருந்த ரவுல் காஸ்ட்ரோ, வழியெங்கும் மராபு அழகாகச் செழித்திருப்பதைக் குறிப்பிட்டு விவசாயத்தின் நிலையை வெளிப்படையாகச் சொன்னார்.

எங்கே முறியவில்லை

அதே சட்டம், அதே தடை, அதே தட்டுப்பாடு இருந்த காலத்தில் தலைநகரில் வேறு மாதிரி நடந்தது. ஹவானாவின் கிழக்கே அலமார் குடியிருப்பில் 1997இல் தொடங்கிய விவெரோ அலமார் சட்டப்படி ஒரு யு.பி.பி.சி.தான். பரப்பு பத்துப் பதினொரு ஹெக்டேர். ஐந்து பேரில் தொடங்கி நூற்றைம்பதுக்கு மேல் வளர்ந்தது. கீரை, லெட்டூஸ், தக்காளி, மூலிகை, நாற்று விளைவித்து, பெரும்பகுதியைப் பண்ணை வாசலிலேயே அக்கம்பக்கத்தவருக்கு விற்றது. காலையில் அறுத்தது மாலைக்குள் காசு. லாரி வேண்டாம், பெட்டி வேண்டாம், பாக்கி இல்லை. லாபப் பங்கு உறுப்பினரின் சேவைக்காலத்தைப் பொறுத்துப் பிரிந்தது. என்ன நடுவது என்று முடிவு செய்தவர்களே விற்றார்கள், விற்றவர்களே பங்கு பிரித்தார்கள்.

நகரங்களில் பரவிய மேட்டுப்பாத்தி முறையின் நுட்பமும் கவனிக்கத் தக்கது. சிமெண்ட், கல், பழைய ஓடு எது கிடைத்ததோ அதைக் கரையாக வைத்து சுமார் 1.2 மீட்டர் அகலப் பாத்தி. நீளம் 25, 30 மீட்டர் வரை. இரு பக்கமும் நின்று கை எட்டும் அகலம் அது, பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை, மண் இறுகாது. மண்ணும் மக்கிய உரமும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மக்கு உரமோ மண்புழு உரமோ சேர்க்காவிட்டால் சில சுற்றுகளுக்குள் விளைச்சல் விழும்; பல இடங்களில் பாத்திகள் கைவிடப்பட்டதற்கு உரம் தொடர்ந்து கிடைக்காததும் வேரைத் தாக்கும் நூற்புழுவும் முக்கியக் காரணங்கள். பூச்சிக்கு, நாடெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட சிறு நிலையங்களில் பெவேரியா பேசியானா பூஞ்சை, ட்ரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி ஆகியவை பெருக்கப்பட்டன. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் கூன்வண்டுக்கு எறும்பைப் பயன்படுத்தினார்கள்: வாழைத்தண்டுத் துண்டில் இனிப்புத் தடவி எறும்புப் புற்றிருக்கும் இடத்தில் வைத்து, எறும்பு குடியேறியதும் துண்டை வயலுக்கு மாற்றுவார்கள். டிராக்டர் நின்ற இடத்தில் ஏர்மாடு வந்தது; காளை பழக்கவும் நுகத்தடி செய்யவும் தெரிந்த கிழவர்களைத் தேடிப்பிடித்து இளைஞருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்த வெற்றிக்கு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாத்தி கீரையும் காயும் தரும். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் தராது. நகர வேளாண்மையைக் காட்டிக் கியூபா உணவில் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று எழுதப்பட்டவை அந்நாட்டுக்கு நன்மை செய்யவில்லை. கலோரியின் பெரும்பங்கு கப்பலில்தான் வந்தது, இன்றும் வருகிறது.

கிராமப்புறத்தில் தாக்குப்பிடித்தவர்கள், 1960களிலிருந்தே இருந்த கடன் மற்றும் சேவைக் கூட்டுறவுகளில் சேர்ந்திருந்த தனி விவசாயிகள். நிலம் குடும்பத்துடையது, கடன், கருவி, விற்பனை மட்டும் கூட்டாக. 2000களின் இறுதியில் கால்பங்கு நிலத்தை வைத்துக்கொண்டு உணவில் பாதிக்கு மேல் கொடுத்தவர்கள் அவர்களே. 2008இல் தரிசு நிலத்தை நிலமற்றோருக்கு 13.42 ஹெக்டேர் வரை பத்தாண்டுப் பயன்பாட்டுக்கு அளிக்கும் 259ஆம் ஆணைச்சட்டம் வந்தது. முள் வெட்ட அரிவாளும் கோடரியும் கடையில் இல்லாத காலத்தில் நிலம் கேட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். நிலத்தில் வீடு கட்ட 2012வரை அனுமதி இல்லை. மராபு வெட்டி முடிக்கவே ஓரிரண்டு ஆண்டு பிடிக்கும் நிலத்துக்குப் பத்தாண்டு உரிமை என்றால், பழமரம் யார் வைப்பார்?

வியட்நாமோடு வைத்துப் பார்த்தால்

வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சி 1986 டிசம்பர் மாநாட்டில் தோய் மோய் புதுப்பித்தலை அறிவித்தது. அந்த ஆண்டு பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1988 ஏப்ரலில் பத்தாம் எண் தீர்மானம் நிலத்தைப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குக் குடும்பங்களின் பொறுப்பில் கொடுத்தது. 1989இல் விலைக் கட்டுப்பாடுகளையும் பல நாணய விகிதங்களையும் சேர்த்தே எடுத்தார்கள். அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு அதே ஆண்டு 14 லட்சம் டன் ஏற்றுமதி செய்தது. 1993 நிலச்சட்டம் ஒருபருவப் பயிர் நிலத்துக்கு 20 ஆண்டு, நீண்டகாலப் பயிருக்கு 50 ஆண்டு உரிமை கொடுத்தது. நிலம் இன்றும் சட்டப்படி மக்கள் அனைவருக்கும் பொதுவுடைமை. சோவியத் உதவி 1991இல் நின்றபோது வியட்நாம் வயல் ஏற்கெனவே தன் காலில் நின்றது.

ஆனால் ஒப்பீட்டை நேர்மையாகச் செய்ய வேண்டும். வியட்நாம் உழவர் தலைமுறை தலைமுறையாகச் சிறுநிலம் உழுதவர். கூட்டுப்பண்ணைக் காலத்திலேயே அரசுக்குத் தெரியாமல் குடும்பங்களுக்கு நிலம் பிரித்து உழும் வழக்கம் சில மாகாணங்களில் இருந்தது. சட்டம் அதைப் பின்தொடர்ந்து வந்தது. கியூபாவின் கரும்புத் தொழிலாளியோ புரட்சிக்கு முன்பே, பெருந்தோட்டத்தில் நாட்கூலிக்கு வெட்டியவர். அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொந்த வயல் என்று ஒன்று இருந்ததில்லை. 1994இல் அமெரிக்கா வியட்நாம் மீதான வணிகத் தடையை நீக்கியது; 1996இல் ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டத்தால் கியூபாவின் மேல் இன்னும் இறுக்கியது. தடையின் பாரத்தைச் சொல்லாமல் கியூபாவின் தோல்வியைப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அகோப்பியோவின் பாக்கியையும் கூட்டுறவுக்கு வந்த நடவு உத்தரவையும் வாஷிங்டன் எழுதவில்லை. உடைமைப் பத்திரத்தை அரசிடம் வைத்துக்கொண்டே முடிவுகளைக் கீழே விடலாம் என்று வியட்நாம் காட்டியது. கியூபா முடிவுகளை மேலே வைத்துக்கொண்டு பண்ணையின் பெயரை மாற்றியது.

அதோடு வேறொன்றும் உண்டு. ரேஷனை மலிவாக வைக்க, கொள்முதல் விலையை அழுத்துவதே கியூபா கண்ட வழி. அதே சமத்துவத்தை வரி வழியாகச் செய்திருக்க முடியும்: விவசாயிக்கு முழு விலை கொடுத்து, சந்தையில் சம்பாதிப்பவரிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில் ரேஷனுக்கு மானியம். அப்போது பகிர்வின் செலவு அரசின் கணக்கில் வெளிப்படையாகத் தெரியும். விலை வழியாக அழுத்தியதால் செலவு மறைந்தது. மறைந்த செலவு தரிசாக வெளிவந்தது.

பிந்தி வந்த திருத்தங்கள்

2012இல் அரசு 17 நடவடிக்கைகள் அறிவித்தது. யு.பி.பி.சி.கள் இடுபொருளை நேரடியாக வாங்கலாம், மேல் நிறுவனத்தின் கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, பழைய கடன் மறுசீரமைக்கப்படும், தேறாதவை கலைக்கப்படும். 1993 சட்டத்தின் நான்காவது கொள்கையிலேயே இருந்ததைப் பத்தொன்பது ஆண்டு கழித்து மறுபடி வழங்கினார்கள். அதற்குள் இளைஞர் பலர் வயலை விட்டுப் போயிருந்தார்கள். 2021 ஜனவரி 1 அன்று இரட்டை நாணயம் ஒழிந்து 24 பெசோ என்ற ஒரே விகிதம் வந்தது. சுற்றுலா கொரோனாவால் முடங்கி, டாலர் கையிருப்பு வற்றிய நேரம் அது. கடையில் பொருள் இல்லாமல் விலை மட்டும் பறந்தது. 1994இல், சந்தை திறந்த வேகத்தில் செய்திருக்க வேண்டிய திருத்தம் இது. 2023 அரவையில் சர்க்கரை 3.5 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது, உள்நாட்டு ரேஷனுக்கே போதவில்லை.

2025இல் பினார் தெல் ரியோ மாகாணத்தின் லோஸ் பலாசியோஸ் பகுதியில் ஒரு வியட்நாம் நிறுவனம் அரசு நிலத்தைப் பெற்று நெல் நட்டது. நிலத்தின் உடைமை மாறவில்லை. விதையைத் தானே தேர்ந்தெடுக்கவும், உரத்தைத் தானே கொண்டுவரவும், வேலையைத் தானே நடத்தவும் அதற்கு அனுமதி கிடைத்தது. 1993 டிசம்பரில் அதே மாகாணத்துப் பண்ணைத் தொழிலாளர் கூட்டுறவு கேட்டிருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.